கைப்பிடி எந்தப் பக்கம்?

முதன்முதலாக நான் பார்த்தபோது அவர் இடது கையால் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வலது கையைத் துப்பட்டாவால் மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தார். ஸ்பூனில் எடுத்த சாதத்தில் பாதி வாய்க்குப் போவதற்குள் மேசையில் விழுந்தது. அன்றுதான் நான் அந்தக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஆசிரியர் அறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

"கையில என்ன மேடம், ஃப்ராக்சரா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லம்மா. நாளைக்கு செகண்ட் இயர் பசங்களை ஒரு நாள் பூரா இப்படி இருக்கச் சொல்லப்போறேன். அதான் இன்னைக்கு நான் இருந்து பார்க்கிறேன். இந்த டப்பாவைத் திறக்கவே பத்து நிமிஷம் ஆச்சு, தெரியுமா? கடைசில முட்டிக்கு நடுவுல இடுக்கிக்கிட்டுத் திறந்தேன்."

பக்கத்தில் ஊறுகாய்ப் பொட்டலம் ஒன்று பிரிக்காமல் கிடந்தது. பிரித்துக் கொடுக்கலாம் என்று கையை நீட்டினேன். சட்டென்று அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீ பிரிச்சுக் கொடுத்துட்டா எனக்கு என்ன தெரியும்?"

பல்லால் கடித்து இழுத்தார். ஊறுகாய் என் புதுச் சுடிதாரில் தெறித்தது.

தாம்பரத்தைத் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த பிசியோதெரபி கல்லூரி அது. நான் உடற்கூறியல் எடுக்க வந்தவள். எந்தத் தசை எந்த எலும்பில் தொடங்கி எங்கே போய் முடிகிறது என்று நோட்ஸ் சொல்ல, பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதுவார்கள். அவர் எடுத்தது நரம்பியல் பகுதி. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்தவர்களை மறுபடி உட்காரவும் நிற்கவும் நடக்கவும் வைக்கிற பாடம். என்னைவிட நான்கு வயது மூத்தவர். முதல் வாரம் மேடம் என்று கூப்பிட்டேன், அப்புறம் அக்கா ஆகிவிட்டார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'செஞ்சு பாரு மேடம்'. அது அவருக்கும் தெரியும். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள மாட்டார்.

அவரிடம் எதைக் கேட்டாலும் பதில் வராது. "செஞ்சு பார்த்தியா?" என்ற கேள்விதான் வரும். வகுப்பில் மட்டும் இப்படி என்றால் பரவாயில்லை. ஆசிரியர் அறையிலும் அப்படித்தான். பிரின்டரில் காகிதம் சிக்கிக்கொண்டால், அதை எப்படி எடுப்பதென்று அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து நான் திணறுவதை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். "பின்னாடி ஒரு மூடி இருக்கு பாரு" என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டார். பல நாள் எனக்கு எரிச்சலாக வந்திருக்கிறது. நானாகவே மூடியைக் கண்டுபிடித்துக் காகிதத்தை உருவியதும் அவர் முகத்தில் வரும் சிரிப்பைப் பார்த்தால் எரிச்சலைத் தொடரவும் முடியாது.

அந்த ஒற்றைக் கைப் பயிற்சிக்கு மறுநாள், எல்லோரும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வர வேண்டும். முக்கால்வாசிப் பேர் கையைக் கட்டவே இல்லை. காலையில் பஸ்ஸில் உட்கார்ந்தே எழுதிவிட்டார்கள். சாப்பிடுவது கஷ்டமாக இருந்தது, உடை மாற்றுவது கஷ்டமாக இருந்தது, குளிப்பது மிகவும் கஷ்டமாக இருந்தது. நான் அன்று பக்கத்து வகுப்பில் இருந்தேன். நடுவில் தடுப்புதான், பேசுவதெல்லாம் கேட்கும்.

"குளிச்சேன்னு எழுதியிருக்கியே, சோப்பு எந்தக் கையால தேய்ச்ச?" என்று ஒரு பையனைக் கேட்டார்.

"இடது கையால மேடம்."

"சரி. அந்த இடது கைக்கு யார் தேய்ச்சா?"

வகுப்பு சிரித்தது. அவர் திட்டவும் இல்லை, மதிப்பெண்ணைக் குறைக்கவும் இல்லை. "நாளைக்குச் சொல்லு" என்று மட்டும் சொன்னார். மறுநாள் அவன் ஆசிரியர் அறைக்கே ஓடி வந்தான்.

"சோப்பைத் தொடையில வெச்சு அமுக்கிட்டு, கையை அதுமேல தேய்ச்சேன் மேடம். ரெண்டு தடவை வழுக்கிடுச்சு."

பரிசு வாங்கியவர் மாதிரி எழுந்து நின்றுவிட்டார். "இதை நான் எந்தப் புக்லயும் படிச்சதில்லடா" என்றார். அன்று முழுக்க வந்தவர் போனவர் எல்லோரிடமும் அந்த சோப்புக் கதையைச் சொன்னார்.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு இடத்தில் அடியும் விழுந்தது. அதை அவர் வாங்கிக்கொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். ஒருமுறை பிள்ளைகளைச் சக்கர நாற்காலியில் மாற்றி மாற்றி உட்காரவைத்துத் தாம்பரம் மேற்கிலிருந்து கிழக்குப் பக்கம் போய்வரச் சொன்னார். வழக்கம்போல முந்தின நாள் தானே உட்கார்ந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான். நடைபாதையில் நிறுத்தியிருந்த பைக்குகள், பள்ளங்கள், ஸ்டேஷன் வாசலில் ஓரடி உயரத்துக்கு ஒரு திட்டு. பிள்ளைகள் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார்கள். ஸ்டேஷன் பக்கம் செல்போன் கவர் விற்கிற கடைக்காரர் ஒருவர், இரண்டு கால்களும் வராதவர், தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இதையெல்லாம் பார்த்திருக்கிறார். அக்காவைக் கூப்பிட்டார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் பசங்க கொஞ்ச நேரம் குந்திகினு அப்பால எழுந்து ஓடிடுவாங்க. எங்க கஷ்டம் தெரிஞ்சிபோச்சுன்னு நெனச்சுக்குவாங்க. எனக்கு இந்தத் திட்டெல்லாம் மேட்டரே இல்ல. எந்த ஆட்டோக்காரன் நாற்காலிய ஏத்திக்குவான், எந்த பாத்ரூம்ல கதவு அகலம், அதான் எனக்கு வேணும். அத எங்கிட்ட கேக்கலியே நீங்க?"

மறுநாள் வகுப்பில் முதல் காரியமாக, "நேத்து நான் சொல்லிக்கொடுத்தது தப்பு" என்றார். தடுப்புக்கு இந்தப் பக்கம் என் சாக்பீஸ் நின்றுவிட்டது. ஒரு ஆசிரியர் வகுப்பில் அப்படிச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அந்தச் சக்கர நாற்காலிப் பயிற்சியை அவர் பிறகு வைக்கவே இல்லை. கடைக்காரரைக் கல்லூரிக்கு அழைத்துவந்து இரண்டு மணி நேரம் பேசவைத்தார். நோயாளிகளின் வீடுகளுக்கே பிள்ளைகளை அழைத்துப்போகும் வெள்ளிக்கிழமை வகுப்புகள் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான். வாசலில் நுழைந்ததும் பிள்ளைகளிடம், "இன்னைக்கு உங்க லெக்சரர் இவர்தான், கேளுங்க" என்று நோயாளியைக் காட்டிவிட்டு ஒரு ஓரமாகத் தரையில் உட்கார்ந்துகொள்வார்.

அந்த வெள்ளிக்கிழமைகளால்தான் எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சங்கடம் வந்தது.

பிரின்சிபால் ஒரு நாள் என்னை அழைத்தார். மூன்றாம் வருடத்தில் நிவேதா என்று ஒரு பெண். கோவிலம்பாக்கத்திலிருந்து வருகிறவள், வகுப்பில் அதிகம் பேசாதவள். வங்கியில் வேலை பார்க்கும் அவள் அப்பா புகார் கொடுத்திருந்தார். முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக்குப் பெண் பிள்ளைகளை அனுப்புகிறார்கள், வகுப்பில் பாடம் முடியவில்லை, பல்கலைக்கழகத் தேர்வு பக்கத்தில் வந்துவிட்டது என்று இரண்டு பக்கக் கடிதம்.

"பாடம் முடிக்கலைங்கறது உண்மைதான். ஐஞ்சு யூனிட்ல மூணுதான் ஆயிருக்கு" என்றார் பிரின்சிபால். "இந்த வெள்ளிக்கிழமை நீங்க அவங்ககூடப் போங்க. என்ன நடக்குதுன்னு பார்த்து எனக்கு ஒரு ரிப்போர்ட் கொடுங்க. நீங்க க்ளோஸ், கூடப் போனா வித்தியாசமாத் தெரியாது. நீங்களும் ப்ரொபேஷன்லதானே இருக்கீங்க?"

கடைசி வாக்கியத்தைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் "சரி சார்" என்றேன். வெளியே வந்து அக்காவிடம், "நானும் ஒரு நாள் உங்ககூட வரட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. "எத்தனை நாளா கூப்பிடறேன்! இப்பவாவது தோணுச்சே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை நான் மெதுவாக விடுவித்துக்கொண்டேன்.

பல்லாவரத்தில், வெள்ளிக்கிழமைச் சந்தையின் கூச்சல் கேட்கும் தூரத்தில் ஒரு சந்து. முதல் மாடியில் வீடு. நோயாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள், ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஷூ செய்கிற கம்பெனியில் முப்பது வருடம் தோல் வெட்டியவர். ஐந்து மாதத்துக்கு முன்பு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் தப்பித்திருந்தது. இப்போது பிடித்துக்கொண்டு அறைக்குள் நடப்பார். கை இன்னும் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து மாடி ஏற்றியதிலிருந்து அவர் கீழே இறங்கவே இல்லை.

நிவேதாவும் இன்னும் மூன்று பேரும் அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பாயின் மனைவி எல்லோருக்கும் டீ கொடுத்தார். நான் ஜன்னலோரம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் இருந்தது.

"இன்னாமா, போன வாரம் சொன்னத யோசிச்சியா?" என்று பாய் நிவேதாவைக் கேட்டார்.

"படி இறங்கறதா பாய்?"

"ஆமா. அஞ்சு மாசமா ஜும்மா தொழுவப் போவல. இன்னிக்குப் போவணும். தூக்கிக்கினு போறது வாணாம். நானே எறங்கணும். பையன் கீழ ஆட்டோ வெச்சுக்கினு நிக்கிறான். சொல்லு, எறங்கலாமா?"

நிவேதா அக்காவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். தரையில் உட்கார்ந்திருந்த அவர், "உனக்கு என்ன தோணுது?" என்றார்.

கனமான ஆள், பலவீனமான கால், இருபது வயதுப் பெண். இந்தக் கேள்விக்காவது நேரடியாகப் பதில் சொல்லக்கூடாதா? பையிலிருந்து நோட்டை எடுக்கலாமா என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

நிவேதா எழுந்துபோய் அவரை நிற்கவைத்தாள். முழங்காலை மடக்கி நீட்டச் சொன்னாள். வலது காலில் எடை போட்டு எத்தனை நொடி நிற்கிறார் என்று எண்ணினாள். வாசற்படியில் மூன்று முறை ஏறி இறங்கவைத்தாள். பிறகு, "இறங்கலாம் மேடம்" என்றாள்.

படிக்கட்டின் தலைப்பில் வந்து நின்றபோதுதான் சிக்கல் தெரிந்தது. வெளிப்புறமாக இருந்த குறுகலான சிமென்ட் படிகள். ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் நிற்க இடமில்லை. இடது பக்கம் வழவழப்பான சுவர். கைப்பிடிக் கம்பி இருந்தது வலது பக்கம். பாயின் வலது கை துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

"இறங்கும்போது முடியாத கால் முதல்ல, நல்ல கையால கம்பியைப் பிடிச்சுக்கணும்" என்று பாடத்தை முணுமுணுத்தாள் நிவேதா. அப்படியே நின்றுவிட்டாள். மற்ற பிள்ளைகளுக்கும் தெரியவில்லை. நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். வழக்கமாக விடை தெரிந்தும் சொல்லாமல் இருக்கும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு இருக்கும். அன்று அது இல்லை. அவருக்கும் தெரியவில்லை.

பின்னால் நின்றிருந்த பாயின் மனைவிதான் பேசினார். "ஏங்க, தண்ணி டேங்க் ஏணில எப்டி எறங்குவீங்க? மூஞ்சிய தெருப் பக்கம் வெச்சுக்கினா எறங்குவீங்க? திரும்பிக்கினுதானே?"

நிவேதா, "திரும்பிட்டா கம்பி இடது பக்கம் வந்துடும்!" என்று கத்தினாள்.

பாய் மெல்லத் திரும்பினார். வீட்டைப் பார்த்து நின்று, இடது கையால் கம்பியை இறுகப் பிடித்தார். வலது காலைப் பின்னால் ஒரு படி இறக்கினார். அது தரையில் பதிந்ததும் இடது காலை இறக்கினார். நிவேதா மேற்படியில் அவரைப் பார்த்தபடி, "ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணிக்கொண்டே வந்தாள். பதினாறு படிகள்.

பதினோராவது படியின் விளிம்பில் சிமென்ட் பெயர்ந்திருந்தது. வலது கால் அதில் பட்டுச் சறுக்கியது. முழங்கால் மடங்கியது. அவர் உடம்பு பின்னால் சாய்வதைப் பார்த்து நான் வீறிட்டேன்.

ஆனால் அவர் விழவில்லை. பாய் திரும்பி நிற்பதற்குள்ளேயே அக்கா அவரைத் தாண்டிக் கீழே போயிருந்ததை நான் கவனிக்கவில்லை. பாய்க்கு இரண்டு படி கீழே, காலை அகட்டிவைத்து, இரண்டு கைகளையும் நீட்டியபடி அவர் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்திருக்கிறார். பாயின் இடுப்பைத் தாங்கி, தன் தோளை அவர் முதுகில் முட்டுக்கொடுத்து நின்றார். நிவேதா கம்பியோடு சேர்த்துப் பாயின் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பாய் படியில் முழங்கால் ஊன்றி அப்படியே நின்றார்.

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது.

"வலிக்குதா பாய்?" என்று அக்கா கீழேயிருந்து கேட்டார்.

"இல்ல. முட்டி சிராய்ச்சிக்கிச்சு, அவ்ளோதான்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "இப்ப ஏறவா, எறங்கவா?" என்றார்.

"பதினோரு படி மேலே, அஞ்சு படி கீழே" என்றார் அக்கா.

"அப்ப எறங்கறதுதான் கம்மி" என்று பாய் சிரித்தார். எழுந்தார். மீதி ஐந்தையும் இறங்கினார்.

கீழே மகன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றான். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலி கொண்டுவந்தார்கள். பாய் உட்காரவில்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, தலையில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எங்களைப் பார்த்து இடது கையைத் தூக்கிக் காட்டினார். தொழுகை முடிந்து அவர் திரும்பும்வரை காத்திருந்தோம். ஏறும்போது கம்பி நல்ல கைப் பக்கம் இருந்ததால், கடைசிப் படிவரை சிரமமில்லாமல் ஏறிவிட்டார்.

சனிக்கிழமை நான் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியதில் முழங்கால் மடங்கியதைச் சொல்லவில்லை. படித்துப் பார்த்தால் கல்லூரி விளம்பரம் மாதிரி இருந்தது. கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். இந்த முறை முழங்கால் மடங்கியதே பெரிதாகி, போலீஸில் கொடுக்கிற புகார் மாதிரி வந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரசங்கம் ஒரு வார்த்தை காதில் விழவில்லை. அவரிடம் சொல்லாமல் இதை எழுதவே முடியாது என்று தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். பிரின்சிபால் கூப்பிட்டது, நான் சரி என்றது, எல்லாம்.

அவர் டப்பாவை மூடினார். சாதம் பாதி மிச்சமிருந்தது.

"இதை வெள்ளிக்கிழமை காலையிலேயே சொல்லியிருக்கலாம் ஜெஸி" என்றார்.

"பயமா இருந்துச்சு அக்கா."

"எனக்கும்தான் பயம். சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து பயந்திருக்கலாம்." எழுந்தவர் கதவருகே நின்று திரும்பாமலே சொன்னார். "எழுது. அவர் கால் சறுக்கினதையும் எழுது. அதை விட்டுட்டு எழுதினா நானே போய்ச் சொல்லிடுவேன்."

பிறகு இரண்டு நாள் அவர் என்னோடு சாப்பிடவில்லை.

புதன்கிழமை பிரின்சிபால் அறையில் ஐந்து பேர் இருந்தோம். பிரின்சிபால், நிவேதா, அவள் அப்பா, அக்கா, நான். நான் எழுதியதை அவள் அப்பா நிதானமாகப் படித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"முட்டி மடங்கிச்சுன்னு போட்டிருக்கீங்க. அப்போ என் பொண்ணு எங்க இருந்தா?"

"மேல் படியில சார்" என்றேன்.

"அவர் எவ்வளவு வெயிட் இருப்பார்?"

"எண்பது கிலோ இருக்கும்" என்றார் அக்கா.

"என் பொண்ணு நாற்பத்தஞ்சு."

அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"உங்க பயம் நியாயம் சார்" என்றார் அக்கா. "எங்க கூட்டிட்டுப் போனாலும் முந்தின நாளே நான் ஒரு தடவை போய்ப் பார்த்துடுவேன். அந்தப் படியிலயும் வியாழக்கிழமை ஏறி இறங்கினேன். எண்ணிக்கூடப் பார்த்தேன். ஆனா ரெண்டு கையும் நல்லா இருக்கற ஆளா இறங்கினேன். கைப்பிடி எந்தப் பக்கம்னு பார்க்கலை. உடைஞ்ச படியையும் பார்க்கலை. அது என் தப்புதான். பசங்க மேல எதுவும் இல்லை."

பிரின்சிபால் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார். முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

நிவேதா தலையைக் குனிந்தபடியே பேசினாள். "இறங்கலாம்னு சொன்னது நான்தான்பா. மேடம் இல்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நேத்து நம்ம அபார்ட்மென்ட் படியைப் பார்த்தேன். நம்மளுதும் ஒரு பக்கம்தான் கைப்பிடி" என்றாள்.

அவள் அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பில் வாயே திறக்காத பெண், வீட்டிலும் அதிகம் பேசாதவளாக இருந்திருக்க வேண்டும். பிறகு அக்கா பக்கம் திரும்பினார்.

"இடுப்புல கட்டற பெல்ட் ஒண்ணு இருக்காமே, பிடிச்சுக்கறதுக்கு? இவதான் சொன்னா. அது இருந்திருந்தா?"

"இன்னும் நல்லாப் பிடிச்சிருக்கலாம் சார். காலேஜ்ல இருக்கு. அன்னைக்கு நான் எடுத்துட்டுப் போகலை."

"இனிமே எடுத்துட்டுப் போங்க" என்றார்.

அவர் சொன்னது என்னவென்று எனக்குப் புரியவே இரண்டு நொடி ஆனது. இனிமே. பிரின்சிபாலுக்கும் புரிந்தது. கடிதத்தை மடித்துக் கோப்பில் வைத்தார். நோயாளி வீட்டில் எழுத்துப்பூர்வமான சம்மதம், பெல்ட், மீதி இரண்டு யூனிட்டுக்குச் சனிக்கிழமை சிறப்பு வகுப்பு, எங்கே போனாலும் இரண்டு ஆசிரியர்கள் என்று மடமடவென நிபந்தனைகளைச் சொன்னார்.

"ரெண்டாவது ஸ்டாஃப் யாரு?"

வகுப்பில் பிள்ளைகள் தூக்குவது போல நான் கையைத் தூக்கினேன்.

அந்த வருடம் அந்தப் பாடத்தில் எப்போதும்போல இரண்டு மூன்று பேர் தோற்றார்கள். தேர்ச்சி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நிவேதா பாஸானாள். கணவருக்கு மாற்றலாகி அக்கா வேறு ஊருக்குப் போய் இப்போது நான்கு வருடமாகிறது. அங்கேயும் ஏதோ ஒரு கல்லூரியில் யாரையாவது திணறவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். வெள்ளிக்கிழமை வகுப்புகளை இங்கே நான்தான் நடத்துகிறேன். பதில் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருப்பது எவ்வளவு கடினம் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அதோடு ஒப்பிட்டால் நோட்ஸ் சொல்வது ஒன்றுமே இல்லை.

அந்தப் புதன்கிழமை பிரின்சிபால் அறையிலிருந்து வெளியே வந்ததும் அவர் தாழ்வாரத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வெள்ளிக்கிழமையிலருந்து தூக்கமே இல்ல ஜெஸி. கண்ணை மூடினா அந்தக் கால் சறுக்கறதுதான் தெரியுது" என்றார். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடக்க முடியாமல் சிரித்தார். "பெல்ட்டை எடுத்துட்டுப் போங்கன்னாரே, அப்ப எழுந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுடலாம்னு இருந்துச்சு."

நானும் சிரித்தேன்.

"ஆனா உன்மேல கோபம் இன்னும் போகலை" என்றார்.

"தெரியும் அக்கா."

வியாழக்கிழமையும் அவர் தனியாகத்தான் சாப்பிட்டார். வெள்ளிக்கிழமை காலை தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் வரிசையில் எனக்கு நான்கு பேர் முன்னால் நின்றிருந்தார். தோளில் மாட்டியிருந்த பையிலிருந்து பெல்ட்டின் நுனி தொங்கியது. என்னைப் பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. அவர் முறை வந்தது. கவுன்டருக்குள் குனிந்து, வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி, "பல்லாவரம், ரெண்டு ரிட்டர்ன்" என்றார்.